முதல் பரிசு வழங்குபவர்

22.11.2020, ஞாயிறு

மெடிக்கலில் இன்று அரை நாள்தான் வேலை. வரும் வழியில் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். சாப்பிட இவர் இல்லை. களமருதூரில் கபடிப் போட்டியைத் தொடங்கி வைக்கப் போய்விட்டார். கொரோனாவுக்குப் பிறகு நடக்கிற முதல் போட்டியாம், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதாம். கொரோனாவுக்கு முன்னால் போனதற்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது.

இருட்டிய பிறகு வந்தார். தோளில் ஒரு சால்வை, கையில் ஒரு சால்வை. "அபி, அப்பா இன்னா கொண்டாந்துருக்கேன் பாரு" என்று ஒன்றைக் குழந்தைமேல் போர்த்தினார். வந்ததற்கு ஒரு சால்வை போடுவார்கள். இரண்டாவது போட்டார்கள் என்றால் இவர் எதையோ கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா சொன்னீங்க மைக்குல?"

"ஒண்ணும் இல்ல தேவி. முதல் பரிசு நம்ம பேருல."

டிவியில் வருகிற கபடி லீக்கில் ஐந்து சீசன் ஆடியவர். கடைசி சீசனில் முழங்கால் போனது. ஒரு வருடமாக ஆட்டம் இல்லை. மாடி வீட்டுப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைக்கிறார். வீட்டுக்குள் வருவது நான் மருந்துக் கடையில் வாங்குகிற சம்பளம் மட்டும். ஆனால் ஊர் ஊராக முதல் பரிசு மட்டும் நிற்கவில்லை.

மீன் குழம்பு ஆறிப் போய்விட்டது. சூடு பண்ணிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. கொடுத்தேன்.

24.11.2020

கடைக்கு வந்த ஓர் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ அறிவுச்செல்வன் சம்சாரம்தான? நீ ஏம்மா இங்க நின்னுக்கினு மாத்திர எடுத்துக் குடுக்கற?"

பொழுது போகவில்லை என்று சொன்னேன்.

கள்ளக்குறிச்சியில் கலெக்டர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று யாருக்காவது தெரியுமா? எங்கள் மெடிக்கல் முதலாளி மாதம் எவ்வளவு பார்க்கிறார் என்று எனக்கே தெரியாது. இவர் சம்பளத்தை மட்டும் கோட்டு போட்ட ஒருவர் டிவியில், லீக் ஏலத்தில், சுத்தியல் தட்டிச் சொன்னார். அரைக் கோடி. இவர் சொந்த ஊர் நைனார்பாளையமே உட்கார்ந்து பார்த்தது. அது ஒரு வருஷத்துக்குத்தான், அதிலும் வரி போகும், ஏஜென்ட் எடுப்பார், காயம் பட்டால் அடுத்த வருஷம் கிடையாது என்பதையெல்லாம் சுத்தியல்காரர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் செருப்பு விட இடமில்லை.

இவருடைய பெரிய மாமாவுக்கு டிராக்டர். சின்ன மாமாவுக்கு போர்வெல். கோயில் கமிட்டிக்கு அலங்கார வளைவு. நண்பனுக்கு செல்போன் கடை, அது கொரோனாவில் மூடியே போனது. இவர் தனக்கென்று வாங்கியது ஒரு பெரிய கார். இதற்கெல்லாம் முன்னால் ரயில்வே வேலை ஒன்று இருந்தது. விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வேலை, ஓய்வு பெறும்வரை சம்பளம் வரும் வேலை. லீக் முகாமுக்கு ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு நானும் சரி என்றுதான் தலையாட்டினேன், எல்லாரையும் போல.

யாரும் ஏமாற்றவில்லை. மாமாக்கள் நல்லவர்கள்தான். அதுதான் எனக்கு எரிச்சல். ஏமாற்றியிருந்தால் போலீசுக்காவது போகலாம்.

27.11.2020

எங்கள் சாதிச் சங்கத்து ஒன்றியச் செயலாளர் தெய்வசிகாமணி வந்திருந்தார். நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர். ஒன்றாம் தேதி சென்னையில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். "தம்பி, நீங்க முன்னாடி நடந்தா பசங்க தன்னால பின்னாடி வருவாங்க. வேனு மட்டும் யாருன்னா பாத்துக்கினா போதும்."

யாருன்னா என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் அடுப்படியில் நின்று மனசுக்குள் கும்பிட்டேன், வாயைத் திறக்காதீர்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று. 

"மூணு வேன் நான் பாத்துக்கிறேண்ணா" என்றார் இவர்.

எனக்குப் போராட்டத்தின்மேல் கோபம் இல்லை. என் தம்பி நாலு வருஷமாக அரசு வேலைக்குக் குரூப் தேர்வு எழுதுகிறான், அரை மதிப்பெண்ணில் ஒருமுறை போனது. ஒதுக்கீடு கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். ஆனால் தெய்வசிகாமணி வாசலிலேயே உர மூட்டை ஏற்றும் டெம்போ நிற்கிறதே, அது ஏன் சென்னைக்குப் போகக் கூடாது?

29.11.2020

கேட்டேவிட்டார். மனையை அடமானம் வைக்கலாமா என்று.

புது கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற மனை. என் நகையை விற்று அப்பா என் பெயரில் முடித்துக் கொடுத்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபிறகு அதன் விலை ஏறிவிட்டது. எங்களிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் போனால் அபியோடு எங்கே போய் நிற்பது? இந்த மாடி வீட்டு வாடகையே இழுத்துப் பறித்துக்கொண்டு போகிறது.

"கையெழுத்து போட மாட்டேன்" என்றேன். இவர் சண்டை போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் கழுத்துச் செயினை விற்று வேன் பேசினார் என்று பிறகு தெரிந்தது.

2.12.2020

செங்கல்பட்டு தாண்ட விடவில்லையாம். ரோட்டிலேயே உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கால் வீங்கி வந்து படுத்திருக்கிறார். ஐஸ் வைத்தேன். "கூட்டத்துல ஒரு பையன் என் கால தொட்டுக் கும்புட்டான் தேவி" என்றார். எந்தக் காலை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

16.1.2021, காணும் பொங்கல்

நைனார்பாளையம் போட்டிக்கு நானும் போனேன். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அடக்கி வைக்கலாம் என்று ஒரு நப்பாசை.

அறிவிப்பாளர் ஆதிமூலத்தின் வித்தையை இன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். "நம் மண்ணின் மைந்தர், இந்தியாவே திரும்பிப் பார்த்த நம் வீட்டுப் பிள்ளை, அறிவு... செல்வன்" என்று சொல்லி நிறுத்துவார். கூட்டம் கை தட்டும். அது அடங்கியதும் "அண்ணன் ஒண்ணு சொல்ல வர்றாரு" என்று மைக்கை நீட்டிவிடுவார். இவர் எதுவும் சொல்ல வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? ஆனால் அவ்வளவு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார எவனால் முடியும்? முதல் பரிசு சொன்னார். கைதட்டல் நிற்கவில்லை. அதிகம் பேரைத் தொட்டு வருகிற சிறந்த ரெய்டருக்கு சைக்கிள் என்றார்.

வீட்டுப் படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடியாதவர், மேடைப் படியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டே ஏறினார், இறங்கினார். அந்த முகத்தில் வலியே தெரியவில்லை. முன்பு ரெய்டு முடித்துக் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது டிவியில் வருமே, அதே முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா, வேறு எதிலா, தெரியவில்லை.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எம்புள்ள குடுக்குறவன்டி. வாங்குறவன் இல்ல."

ஆமாம் அத்தை. அதுதான் பிரச்சினை.

17.1.2021

சைக்கிள் வாங்கப் போயிருக்கிறார்.

26.2.2021

சட்டசபையில் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிவிட்டது. தெருவெல்லாம் பட்டாசு. தம்பி போன் பண்ணிக் கத்தினான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. கேசரி கிண்டினேன். இவர் கீழே போய்ப் பையன்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

தேர்தல் வருகிறது, பிரசாரத்துக்கு நம்மைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறார். வாயால் சொல்லவில்லை. வெள்ளை வேட்டிகளை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

20.3.2021

யாரும் கூப்பிடவில்லை. வேட்டிகள் பீரோவில்.

13.6.2021

மறுபடி ஊரடங்கு. மெடிக்கலில் மூச்சு விட நேரமில்லை. வீடு திரும்பினால் வாசலில் கார் இல்லை. விற்றுவிட்டார். ஜனவரி போட்டிகளில் சொன்னதற்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன் என்றார், பெரிய பாரம் இறங்கினவர் போல. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாராம். அபி "கார் எங்கப்பா?" என்று கேட்டபோது சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார்.

குழந்தையிடம் எதுக்குய்யா பொய்யி. வித்துட்டேன்னு சொல்லேன். அதுக்கும் கௌரவம் வந்து குறுக்க நிக்குதா?

31.8.2021, செவ்வாய்

லீக் ஏலம். இரண்டு வருடம் கழித்து நடக்கிறது. முழங்கால் சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் சான்று வாங்கிப் பெயர் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியும் அது சரியாகவில்லை என்று. வலி மாத்திரை கொண்டுவந்து தருகிறவள் நான்.

மாமியாரும் வந்து உட்கார்ந்திருந்தார். இவர் பெயர் வந்தது. திரையில் பழைய போட்டோ, மீசை இல்லாமல். அடிப்படை விலை சொன்னார்கள். அணிக்காரர்கள் உட்கார்ந்த மேசைகளில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒரு கையும் எழும்பவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

"இன்னாடா, அவ்ளோதானா? சுத்தியல தட்டவே இல்லியே" என்றார் மாமியார்.

இவர் டிவியை அணைத்துவிட்டுக் கீழே போனார். படியில் கால் இழுபடும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

4.9.2021

மறுபடி மனை. இந்தமுறை மனையை விற்று அகாடமி ஆரம்பிக்கிறாராம். அறிவுச்செல்வன் கபடி அகாடமி. ரப்பர் மேட், விளக்கு, ஹாஸ்டல். திறப்பு விழாவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதுவரை யோசித்துவிட்டார். மாதம் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டேன்.

"நீ எப்பவுமே இப்டிதான். ஒருத்தன் மேல வர்றது புடிக்காது."

"மேல வந்து எறங்கி வந்துட்டீங்க. அது ஒண்ணும் தப்பு இல்ல. எறங்கினவரு எறங்கினவரு மாதிரி இருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், ஏதோ ஊர்க் கமிட்டி. அவர் கையை நீட்டினார். நான் தரவில்லை.

"இனிமே இந்தப் போன நான் பேசுறேன். கையெழுத்தும் கெடயாது, போனும் கெடயாது. புடிக்கலன்னா சொல்லுங்க, நானும் அபியும் எங்கப்பா வூட்டுக்குப் போறோம்."

அவர் மொட்டை மாடிக்குப் போனார்.

12.9.2021

இன்றைக்கு வந்த ஒரு பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன், சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

"அக்கா, அண்ணன் இல்லீங்களா? நம்ம ஊருல போட்டி வெச்சிருக்கோம். அண்ணன் வந்து தொடங்கி வைக்கணும்."

"தாராளமா வருவாருங்க. வண்டிச் செலவு, அப்புறம் வந்து போறதுக்கு ஐயாயிரம்."

"அக்கா, சிறப்பு விருந்தினருங்க."

"ஆமாங்க. சிறப்பா வருவாரு."

"இல்லக்கா, அண்ணன்தான எப்பவும் குடுப்பாரு?"

"இப்ப வாங்குறாருங்க."

வைத்துவிட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் இவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எம்பேர கொன்னுட்ட" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

17.10.2021

போன் அடிப்பதே நின்றுவிட்டது. கபடிக்காரர் வூட்டுக்காரி காசு கேக்குறா என்று சுற்று வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. மாமியார் வந்து நாலு நாள் இருந்துவிட்டு என்னோடு பேசாமலே ஊருக்குப் போனார். நைனார்பாளையத்தில் வருகிற பொங்கல் போட்டிக்குத் தலைமை தாங்க போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவரைப் பிடித்திருக்கிறார்களாம்.

நினைத்தது நடந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும் இல்லையா? இவர் நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். என் மேல் கோபம் என்றால் திட்டட்டும். சோறு போட்டால் சாப்பிடுகிறார், போடாவிட்டால் கேட்பதில்லை. இதற்கு அந்தச் சால்வைகளே தேவலாம் போலிருக்கிறது.

1.11.2021

ஒதுக்கீட்டுச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தம்பி போன் பண்ணிச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். இவரிடம் சொன்னேன். "மேல் கோர்ட்டு இருக்குது" என்றார். பிறகு, "மறுபடி போராட்டம்னா தெய்வசிகாமணி அண்ணன் கூப்புடுவாரு" என்றார்.

கூப்பிடவில்லை.

9.2.2022

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஒரு விசில். அபியுடையது என்று நினைத்து அவளைத் திட்டினேன். "அது என்துதான்" என்றார்.

விழுப்புரத்தில் கபடி நடுவர் தேர்வு நடந்ததாம். போய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு முழங்கால் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பாஸும் பண்ணிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை. தோற்றிருந்தால் தெரியாமலே போகட்டும் என்று நினைத்திருப்பார்.

1.4.2022

மேல் கோர்ட்டும் முடிந்தது. ரத்து ரத்துதான். தம்பி சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்துவிட்டான்.

17.5.2022

போன் அடித்தது. கல்வராயன் மலையிலிருந்து பழனி என்று ஒருவர். வெள்ளிமலை தாண்டி ஏதோ ஊர். "நடுவர் சங்கத்துல இந்த நம்பரக் குடுத்தாங்க. எங்க பசங்களே விசில் ஊதி, ஒவ்வொரு வருசமும் சண்ட வந்துடுதுங்க. வெளியாளு ஒருத்தரு வேணும். சாரு எவ்ளோ கேப்பாரு?"

நான் சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டார். போனை இவர் கையில் கொடுத்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு.

இவர் யார் என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

22.5.2022, ஞாயிறு

இப்போதுதான் வந்தோம். அபி தூங்கிவிட்டாள். இவரும் படுத்துவிட்டார், முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு.

பஸ்ஸில்தான் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அபி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஆடுகளம் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே மண்ணைச் சமன் செய்து போட்டது. மேடை கிடையாது. ஸ்பீக்கர் ஒன்று இருந்தது, அதில் பாட்டு மட்டும் போட்டார்கள். இவர் வெள்ளை டீ-சர்ட், கறுப்புப் பேன்ட், கழுத்தில் விசில். நடுவர் வந்தாச்சு என்று யாரோ சொன்னார்கள், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து போட்டார்கள்.

காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றுகொண்டே இருந்தார். ஓர் ஆட்டத்தில் ரெய்டு போனவன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று இரண்டு ஊர்க்காரர்களும் எகிறிக்கொண்டு வந்தார்கள். இவர் கையைத் தூக்கித் தொடவில்லை என்றார். ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டே வந்தான். "காலு அந்தரத்துல இருந்துச்சு தம்பி. போ" என்றார். அவன் போய்விட்டான். இவருக்குக் கை தட்ட யாரும் இல்லை. எனக்குத் தட்ட வேண்டும் போலிருந்தது. நடுவருக்கு யாராவது தட்டுவார்களா என்று சும்மா இருந்தேன்.

சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார்கள். பேசிய பணத்தைக் கவரில் வைத்துக் கொடுத்தார் பழனி, சால்வை இல்லாமல். இவர் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் விளையாட்டுக் களத்திலிருந்து இவர் வீட்டுக்குக் கொண்டுவருகிற பணத்தை வேறு யார் கைக்கும் போவதற்கு முன்னால் முதல் முறையாக நான் வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே இருந்தது.

அப்போதுதான் பழனி இவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "சார், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. டிவில ஆடுவாரே ஒருத்தரு, நம்ம கள்ளக்குறிச்சிக்காரரு. இந்தப் பக்கம் பாத்துக்கினே அந்தப் பக்கம் ஒதைப்பாரு. அவரு ஜாடையாவே இருக்கீங்க."

அபி வாயைத் திறந்தாள். இவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், அவள் மூடிக்கொண்டாள்.

"நெறைய பேரு சொல்லுவாங்க" என்றார் இவர். கையைக் கழுவிவிட்டு விசிலைச் சட்டையில் துடைத்தார். "அடுத்த ஆட்டம் யாரு யாருக்கு?"

இதுக்குத்தானே நான் சண்டை போட்டேன்? எறங்கினவரு மாதிரி இருங்கன்னு நான்தானே சொன்னேன்? அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆடுகளத்து நடுவில் போய் நின்று, யோவ் இவருதான்யா அவரு, இவரைத்தான் இந்தியாவே பார்த்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆதிமூலம் மாதிரி பெயரை இரண்டாக உடைத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கவர் என் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. இவர் நடந்து போய்க் கோட்டருகே நின்று விசில் ஊதினார். இரண்டு ஊர்ப் பையன்களும் வந்து வரிசையாக நின்றார்கள்.